மிச்சம் எட்டுச் சிகரம்: பெமிஜவாசெட் காட்டுக்குள் ஒரு சுற்றுப் பயணத் திட்டம்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், வைட் மவுண்டன்ஸ் மலைத்தொடரில், நாலாயிரம் அடியைத் தாண்டிய 48 சிகரங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. அப்பலாச்சியன் மவுண்டன் கிளப் 1957ல் அதற்கென ஒரு குழுவைத் தொடங்கி, எல்லாவற்றையும் ஏறி முடித்தவர்களுக்குச் சான்றிதழும் துணிச் சின்னமும் கொடுத்து வருகிறது. நாஷுவாவில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அதில் நாற்பதை முடித்துவிட்டு மிச்ச எட்டுக்கு என்னிடம் வந்தார். அந்த எட்டையும் ஒரே சுற்றில், முதுகில் கூடாரத்தோடு, இரண்டு இரவு காட்டில் தங்கி முடிக்க எப்படித் திட்டம் போட்டோம், எது திட்டப்படி நடந்தது, எது நடக்கவில்லை என்பதுதான் இந்தப் பதிவு.

அவரிடம் மிச்சம் இருந்தவை: அவுல்ஸ் ஹெட், கேல்ஹெட், சவுத் ட்வின், நார்த் ட்வின், ஜீலண்ட், வெஸ்ட் பாண்ட், பாண்ட், பாண்ட்கிளிஃப். பட்டியல் முடிக்கும் பலருக்கும் கடைசியில் மிஞ்சுவது கிட்டத்தட்ட இவைதான். காரணம் எளிது. லாஃபயெட், லிங்கன், வாஷிங்டன் மாதிரியான சிகரங்களுக்குச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு நேராக ஏறலாம், காட்சியும் பிரமாதம். இந்த எட்டும் பெமிஜவாசெட் வனப்பகுதிக்குள்ளும் அதன் விளிம்பிலும் இருக்கின்றன. 1984ல் சட்டம் போட்டுக் காப்பாற்றப்பட்ட, சுமார் 45,000 ஏக்கர் பரப்புள்ள காடு அது. உள்ளே சாலை கிடையாது. அடையாளக் குறிகள் குறைவு. பல ஓடைகளுக்குப் பாலமும் இல்லை. எந்தப் பக்கமிருந்து போனாலும் தூரம் அதிகம் என்பதால் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள்.

இந்தத் தள்ளிப்போடலுக்கு மாற்றாகத்தான் பட்டியலே பிறந்தது. அந்தக் காலத்தில் மலைக்கு வருகிறவர்கள் எல்லாம் பிரெசிடென்ஷியல், ஃபிராங்கோனியா என்ற இரண்டு முகடுகளிலேயே குவிந்தார்கள். அவர்களை மற்ற மூலைகளுக்கும் அழைத்துப் போக வேண்டும் என்பதுதான் குழுவின் நோக்கம். இன்றைக்கும் அவுல்ஸ் ஹெட்டுக்கு ஒருவர் போகிறார் என்றால், நூற்றுக்குத் தொண்ணூறு பட்டியலுக்காகத்தான் போகிறார்.

விதி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சிகரம் நாலாயிரம் அடி இருந்தால் மட்டும் போதாது. பக்கத்தில் இருக்கும் உயரமான சிகரத்தோடு அதை இணைக்கும் தாழ்வான இடத்திலிருந்து குறைந்தது 200 அடி எழுந்து நிற்க வேண்டும். அதனால்தான் 4,580 அடி உயரமுள்ள கீயோ என்ற சிகரத்தின் மேலேயே நடந்து போனாலும் அது கணக்கில் சேராது. அதைவிட ஐந்நூறு அடிக்கு மேல் குட்டையான கேல்ஹெட் சேரும்.

நண்பர் முதலில் கொண்டுவந்த திட்டம் வேறு. அவுல்ஸ் ஹெட்டுக்கு ஒரு நாள், போய்வர 18 மைல். இரண்டு ட்வின்களுக்கும் கேல்ஹெட்டுக்கும் வடக்குப் பக்கமிருந்து ஒரு நாள். ஜீலண்டில் தொடங்கி மூன்று பாண்ட்களையும் கடந்து தெற்கே லிங்கன் வுட்ஸில் இறங்க ஒரு நாள். அதற்கு இரண்டு முனையிலும் வண்டி வேண்டும். பலர் இப்படித்தான் செய்கிறார்கள், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. சுமை குறைவு, ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக நல்ல வானிலை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மூன்றையும் கூட்டினால் ஐம்பது மைலைத் தாண்டுகிறது. நாஷுவாவிலிருந்து மூன்று முறை விடியுமுன் கிளம்பி, இருட்டிய பிறகு களைப்போடு வண்டி ஓட்டித் திரும்ப வேண்டும். எனக்கு உண்மையில் பயம் தருவது அந்தத் திரும்பும் வண்டிதான்.

சுற்றாகப் போனால் மொத்தம் ஏறக்குறைய 39 மைல், அதாவது 62 கிலோமீட்டர் சொச்சம். தொடங்குவதும் முடிவதும் ஒரே இடம், கேன்கமேகஸ் நெடுஞ்சாலையில் உள்ள லிங்கன் வுட்ஸ் வண்டி நிறுத்துமிடம். பெமி லூப் என்று எல்லோரும் சொல்லும் புகழ்பெற்ற சுற்று ஃபிராங்கோனியா முகட்டின் மேல் போய்ப் பெரிய வட்டம் அடிக்கும். நண்பருக்கு அந்த முகட்டுச் சிகரங்கள் எல்லாம் முடிந்துவிட்டன, கார்ஃபீல்டு உட்பட. எனவே பெரிய வட்டத்தின் மேற்குப் பாதியை விட்டுவிட்டு, அதற்குப் பதில் நடுவில் இருக்கும் அவுல்ஸ் ஹெட்டைச் சேர்த்தோம்.

எந்தத் திசையில் சுற்றுவது

திட்டத்தில் மிக முக்கியமான முடிவு இதுதான். தூரத்தை யாரும் கூட்டிப் பார்த்துவிடலாம். திசையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால்தான் கடைசி நாளில் ஓடைக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொள்ள வேண்டிவரும்.

"அண்ணா, கடைசியில பாண்ட்கிளிஃப்ல நின்னு ஒரு போட்டோ எடுக்கணும், அதுக்காகவாவது அவுல்ஸ் ஹெட்டை முதல்ல போட்ருங்க" என்றார் நண்பர். செங்குத்தாக இறங்கும் பாறை விளிம்பில் ஆள் நிற்கும் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் வைட் மவுண்டன்ஸ் பக்கம் குறைவு. நானும் அதே திசையைத்தான் சொன்னேன். காரணம் மட்டும் வேறு.

அவுல்ஸ் ஹெட்டுக்குப் போகும் லிங்கன் புரூக் பாதை, முதல் ஒரு மைலுக்குள்ளேயே ஃபிராங்கோனியா ஓடையை ஒரு முறையும் லிங்கன் ஓடையை ஒரு முறையும் கடக்கிறது. இரண்டிலும் பாலம் இல்லை. மழை இல்லாத செப்டம்பரில் கல் கல்லாகத் தாண்டிப் போய்விடலாம். நல்ல மழை பெய்த மறுநாள் அதே இடத்தில் இடுப்பளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும். இப்போது இரண்டு திசைகளையும் ஒப்பிடுங்கள். அவுல்ஸ் ஹெட்டை முதல் நாள் வைத்தால், ஓடையின் நிலவரம் கிளம்பும் அன்று காலையே தெரியும். லிங்கன் ஊரில் ஈஸ்ட் பிராஞ்ச் ஆற்றில் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் நீர்மட்ட அளவி இருக்கிறது. அதன் வரைபடத்தை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்கலாம். கோடு ஏறுமுகமாக இருந்தால் பயணத்தையே தள்ளி வைக்கலாம். அவுல்ஸ் ஹெட்டை மூன்றாம் நாள் வைத்தாலோ, இரண்டு நாள் கழித்து ஓடை எப்படி இருக்கும் என்பதை நம்பிக் கிளம்புகிறோம். அதுவும் கால் ஓய்ந்த நிலையில், வீட்டுக்குப் போகும் அவசரத்தில் கடக்க வேண்டும்.

இன்னொன்று, அவுல்ஸ் ஹெட்டின் உச்சியில் காட்சி என்று எதுவும் கிடையாது. 4,025 அடியில் ஸ்ப்ரூஸ், ஃபிர் மரங்கள் சூழ்ந்த சின்ன இடம், அவ்வளவுதான். மேகம் மூடினாலும் நஷ்டமில்லை, இடி விழும் ஆபத்தும் திறந்த முகட்டைவிடக் குறைவு. பாண்ட்கிளிஃப் நேர் எதிர். 4,265 அடிதான், ஆனால் பாண்டிலிருந்து அங்கே போகும் பாதையின் பெரும்பகுதி மரமில்லாத வெறும் பாறை. காற்றோ இடியோ வந்தால் ஒதுங்க இடம் இல்லை. எனவே ஓடை விஷயத்தில் நிச்சயம் வேண்டிய சிகரம் முதல் நாள், வானம் பார்த்து நேரத்தை முன்பின் நகர்த்திக்கொள்ள வேண்டிய சிகரம் கடைசி நாள்.

பின்வாங்கும் வழிகளும் இந்தத் திசைக்கே சாதகம். முதல் இரவு தங்கும் தர்ட்டீன் ஃபால்ஸிலிருந்து, லிங்கன் ஓடையைத் தொடாமலே ஃபிராங்கோனியா புரூக் பாதை வழியாகச் சுமார் எட்டு மைலில் வண்டிக்குத் திரும்பிவிடலாம். குறுக்கே வருபவை கிளை ஓடைகள்தான். அதற்கு மேலே கேல்ஹெட் குடிலிலிருந்தோ கீயோவிலிருந்தோ இறங்கினால் மலையின் வடக்குப் பக்கம் போய்ச் சேருவோம். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வண்டி மலைக்கு அந்தப் பக்கம் நிற்கும். அதனால் போகலாமா திரும்பலாமா என்ற பெரிய முடிவை இரண்டாம் நாள் காலை தர்ட்டீன் ஃபால்ஸில் எடுப்பது என்று எழுதியே வைத்துக்கொண்டோம்.

நேரக் கணக்கு

இங்கே வழக்கமான கணக்கு, ஒரு மைலுக்கு அரை மணி, ஏறும் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் இன்னொரு அரை மணி. இதில் ஓய்வு சேராது. முதல் நாள் 13.5 மைல், ஏற்றம் சுமார் 3,500 அடி. எட்டரை மணி நேரம். இரண்டாம் நாள் 13 மைல்தான், ஆனால் ஏற்றம் ஐயாயிரம் அடியை நெருங்கும். ஒன்பது மணி நேரம். மூன்றாம் நாள் 12 மைல் சொச்சம், பெரும்பாலும் இறக்கம், ஏழு மணிக்குள். செப்டம்பர் நடுவில் பகல் வெளிச்சம் பன்னிரண்டரை மணி நேரம் கிடைக்கும். ஆக, இரண்டாம் நாளில்தான் இடிக்கிறது. நான்கு சிகரங்கள் வேறு அன்றைக்குத்தான்.

அதைச் சமாளிக்க ஜீலண்டை மட்டும் நகர்த்தக்கூடிய சிகரமாக வைத்தோம். ஜீலண்ட் போய்வரும் பாதை பிரியும் இடம் கீயோவின் மேலே இருக்கிறது. இரண்டாம் இரவு தங்கும் கீயோ முகாம் அங்கிருந்து ஒரு மைலுக்குள். இரண்டாம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்குள் அந்தப் பிரிவை அடைந்தால் ஜீலண்ட் போவது. இல்லையென்றால் நேராக முகாமுக்கு இறங்கி, மறுநாள் விடியுமுன் ஜீலண்டை முடிப்பது. இதற்குக் கூடுதல் விலை இரண்டு மைலுக்குள்தான், மூன்றாம் நாளில் அதற்கு இடமும் இருந்தது. பட்டியல் முடிக்கப் போகிறவர்களிடம் நான் பார்த்த பெரிய ஆபத்து, கடைசி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது மனம் கடிகாரத்தைப் பார்க்க மறுப்பது. எந்தச் சிகரத்தை எந்த நேரத்தில் விடலாம் என்பதை வீட்டு மேசையில் உட்கார்ந்தே முடிவு செய்துவிட வேண்டும்.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு முகாம்களிலும் கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டி இருக்கிறது, உணவு அதற்குள் போய்விடும். கோடையில் பராமரிப்பாளர் இருப்பார், கட்டணம் உண்டு. குடிநீர் முதல் நாள் தாராளம். கேல்ஹெட் குடிலில் நிரப்பினால் அடுத்து கீயோ முகாமின் ஊற்றுதான், இடையில் முகடு முழுக்க வறட்சி. ஆளுக்கு மூன்று லிட்டர் சுமந்தோம். கீயோ முகாம் நாலாயிரம் அடிக்கு மேல் இருப்பதால் செப்டம்பர் இரவில் உறைநிலைக்குப் பக்கத்தில் போகும் என்று நினைத்தே தூக்கப்பை எடுத்தோம். பள்ளத்தாக்கில் செல்போன் சிக்னலை நம்பக் கூடாது, செயற்கைக்கோள் வழி செய்தி அனுப்பும் கருவி வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரில் தேடி மீட்கும் செலவை மீட்கப்பட்டவரிடமே வசூலிக்கச் சட்டம் இருக்கிறது. 2015 முதல் ஹைக் சேஃப் என்று ஒரு அட்டை விற்கிறார்கள்; அதை வாங்கியிருந்தால், பொறுப்பில்லாமல் நடந்துகொண்டாலொழிய, அந்தச் செலவு நம் தலையில் விழாது. அந்தப் பணம் மீட்புப் பணிக்கே போகிறது. போகிறவர்கள் எல்லோரும் வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

நடந்தது

லிங்கன் வுட்ஸ் பாதையின் முதல் மூன்று மைல் சமதளம். 1893 முதல் 1948 வரை இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து மரம் ஏற்றிப்போன ஈஸ்ட் பிராஞ்ச் அண்ட் லிங்கன் ரயில்பாதையின் தடம் அது. பழைய மரக் கட்டைகள் இன்னும் தரையில் குறுக்கே கிடக்கின்றன, இடைவெளி நம் நடைக்கு ஒத்துவராது. இவ்வளவு அடர்த்தியாக இருக்கும் காடு நூறு வருடத்துக்கு முன் வெட்டியும் எரிந்தும் மொட்டையாகக் கிடந்தது என்று நண்பரிடம் சொன்னால் நம்பவே இல்லை.

ஓடைகளில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. மரச் சாறு இறங்கி டீ டிகாக்‌ஷன் நிறத்தில், அடி தெரியும் தெளிவு. ஆனாலும் கல் மேல் தாண்ட வேண்டாம் என்று முடிவு செய்தோம். கற்களின் மேல் பழுப்பாக ஒரு வழவழப்பு படிந்திருக்கும், காய்ந்த மாதிரித் தெரியும், கால் வைத்ததும் சறுக்கும். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, நீர் வரும் திசையைப் பார்த்து, கைத்தடியை முதலில் ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாகக் கடந்தோம். பட்டை போட்டபடி விழுந்தால் பை நம்மைத் தண்ணீருக்குள் அழுத்தும். கால் நனையாமல் போக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள்தான் இந்த ஓடைகளில் அடிபடுகிறார்கள்.

அவுல்ஸ் ஹெட்டுக்கு ஏறும் பாதை அதிகாரபூர்வமாகப் பராமரிக்கப்படுவதில்லை, பெயர்ப்பலகையும் இல்லை. பைகளை அடியில் வைத்துவிட்டு ஏறினோம்; மழைச் சட்டை, கதகதப்பான உடை, தண்ணீர், ஹெட்லாம்ப், உணவு ஆகியவை மட்டும் சிறு பையில். சுமார் ஒரு மைலில் 1,500 அடி ஏற்றம், பழைய பாறைச் சரிவு ஒன்றின் வழியே. சரளை காலடியில் உருளும். முன்னே போகிறவருக்கு நேர் கீழே நிற்கக் கூடாது. பாதி உயரத்தில் திரும்பிப் பார்த்தால் எதிரே லாஃபயெட்டும் லிங்கனும் முழுசாக நிற்கின்றன. காட்சியே இல்லாத சிகரம் என்று சொல்பவர்கள் ஏறும்போது திரும்பிப் பார்ப்பதில்லை போல. உச்சி என்று பல வருடம் நம்பியிருந்த இடத்தைவிட இன்னும் வடக்கே தள்ளியிருக்கும் மேடு உயரமானது என்று பின்னால் தெரியவந்தது. இப்போது அங்கே போனால்தான் கணக்கு.

அன்றைய கடினம் ஏற்றத்தில் இல்லை, அதற்குப் பிறகு தர்ட்டீன் ஃபால்ஸ் வரையுள்ள மூன்றரை மைலில்தான். நடமாட்டம் குறைவான பாதை, சேறு, விழுந்த மரங்கள். அடிக்கொரு தரம் நின்று தடத்தைத் தேட வேண்டியிருந்தது. வெளிச்சம் இருக்கும்போதே முடித்தது நல்லதாகப் போயிற்று.

இரவில் மழை. விடியும்போது நின்றுவிட்டது, ஆனால் ஓடையின் சத்தமே மாறியிருந்தது. வேறு திசையில் வந்திருந்தால் லிங்கன் ஓடை இன்னும் எங்களுக்கு முன்னால் இருந்திருக்கும். வாஷிங்டன் மலை வானிலை ஆய்வகம் முந்தின நாள் தந்த உயர்சிகர முன்னறிவிப்பில், பிற்பகலில் மேகம், இடிக்கு ஓரளவு வாய்ப்பு, மறுநாள் தெளிவு என்று இருந்தது. மேலே போவது என்று முடிவெடுத்தோம்.

நனைந்த வேர்களில், கேல்ஹெட் குடிலுக்குப் போகும் ட்வின் புரூக் பாதையின் ஏற்றம் மெதுவாகத்தான் நகர்ந்தது. குடிலில் பையை வைத்துவிட்டு கேல்ஹெட் போய்வந்தோம், அதில் சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து சவுத் ட்வின் 0.8 மைல்தான், ஆனால் 1,100 அடிக்கு மேல் ஏற்றம், படிக்கட்டு மாதிரி பாறைகள், மூச்சு விட சமதளம் கிடையாது. நண்பர் இந்த இடத்தில் முகம் சிவந்து போனார். நார்த் ட்வின்னுக்குப் போய்வர இன்னும் இரண்டரை மைலுக்கு மேல். கீயோ பிரிவுக்கு வந்தபோது மணி இரண்டைத் தாண்டி அரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது.

"இங்கேர்ந்து போய்வர ரெண்டே முக்கால் மைல்தானே அண்ணா, போயிட்டு வந்துடலாமே" என்றார். எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். சரி என்று முகாமுக்கு இறங்கினார். சீக்கிரம் போனதால் கூடாரத்துக்கு மர மேடை கிடைத்தது. மாலையில் வந்தவர்கள் இடத்துக்குத் தவித்தார்கள். இடி தூரத்தில்தான் உருண்டது, எங்கள் பக்கம் வரவில்லை. வராததால் முடிவு தவறாகிவிடாது. கீயோவின் மொட்டைத் தலையை மேகத்தோடு இரண்டு முறை கடக்க வேண்டியிருந்திருக்கும், ஐந்து மணிக்கு மேல் களைப்போடு.

மறுநாள் ஹெட்லாம்ப் வெளிச்சத்தில் கிளம்பி, காலை உணவு நேரத்துக்கு ஜீலண்டை முடித்து, கூடாரத்தை மடித்துக்கொண்டு நகர்ந்தோம். வெஸ்ட் பாண்ட் பிரதான பாதையிலிருந்து அரை மைல் விலகி இருக்கிறது. என்னைக் கேட்டால் 48லும் அழகான உச்சி அதுதான். நாலு பக்கமும் மலை, ஒரு சாலைகூடக் கண்ணில் படாது. பாண்ட் என்ற பெயர், 1853ல் இந்த மலைகளுக்கு வரைபடம் போட்ட ஹார்வர்டு வானியலாளர் ஜார்ஜ் பாண்ட் நினைவாக வைத்தது. அதைத் தாண்டிப் பாறை முகட்டில் இறங்கி ஏறினால் பாண்ட்கிளிஃப். நண்பருக்கு நாற்பத்தெட்டாவது. படம் எடுத்தாயிற்று. காற்று அதிகமில்லை என்பதால் விளிம்பில் நிற்கச் சம்மதித்தேன். காற்றடிக்கும் நாளில் அந்த இடத்தில் யாரும் நிற்கக் கூடாது.

உச்சியிலிருந்து வண்டிக்கு இன்னும் ஒன்பது மைல். தொடக்கத்திலேயே, எவரெஸ்ட் உச்சிக்கருகே உள்ள பாறையின் பெயரை வைத்து ஹில்லரி ஸ்டெப் என்று கிண்டலாகச் சொல்லும் சின்னப் பாறை இறக்கம் ஒன்று உண்டு, பையை முதலில் இறக்கிக் கொடுத்துவிட்டு இறங்கினால் சிரமமில்லை. பிறகு நீண்ட காட்டு இறக்கம், கடைசியில் மறுபடி ரயில் தடம். அன்று மொத்தம் 17 மைல் ஆகிவிட்டது. சூரியன் மறைவதற்குச் சற்று முன் வண்டியை அடைந்தோம்.

இதே சுற்றை எடுத்துப் போக நினைப்பவர்களுக்குச் சில மாற்றங்கள். கார்ஃபீல்டும் மிச்சம் இருந்தால், தர்ட்டீன் ஃபால்ஸிலிருந்து ட்வின் புரூக் பாதையில் ஏறாமல் ஃபிராங்கோனியா புரூக் பாதையிலேயே தொடர்ந்து முகட்டுக்கு ஏறுங்கள். கார்ஃபீல்டு உச்சி அங்கிருந்து மேற்கே ஒரு மைலுக்குள். அப்புறம் கிழக்கே திரும்பி கேல்ஹெட் குடிலுக்கு வரலாம். ஆனால் அப்போது இரண்டாம் நாளில் ஜீலண்டுக்கு நேரம் இருக்கவே இருக்காது. முதலிலேயே மூன்றாம் நாளில் போட்டுவிடுங்கள், அல்லது இன்னொரு இரவு சேருங்கள். ஹேல் மிச்சம் இருந்தால் இதற்குள் இழுக்காதீர்கள், ஜீலண்ட் சாலையிலிருந்து அரை நாளில் முடிகிற சிகரம் அது. ஆற்று அளவியில் கோடு ஏறுமுகமாக இருந்தால், அவுல்ஸ் ஹெட்டை மட்டும் வேறொரு வாரத்துக்கு வைத்துவிட்டு, ஃபிராங்கோனியா புரூக் பாதை வழியாகவே தர்ட்டீன் ஃபால்ஸ் போய் மற்ற ஏழையும் முடிக்கலாம்.